எட்டாம் பாத்திக்கும் ஒம்பதாம் பாத்திக்கும் நடுவுல

ஏனுங் அம்மிணி, யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? கேட்டுக் கதவு தொறந்துதான் கெடக்குது, சரி. தொறந்து கெடந்தா வந்தர்றதா? ஓ, வின்சென்ட் சார் அனுப்பிச்சாருங்களா. உங்க குடியிருப்புலயும் இந்த மாதிரி கூட்டுத் தோட்டம் போடப்போறீங்களா. அப்பச் சரி. அந்த ஃபோனை மட்டும் உள்ள வெச்சுக்குங்க. போட்டோ எடுத்து எங்க போடுவீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? தப்பா நெனச்சுக்காதீங்க. சித்தெ அந்தக் கல்லு மேல உக்காருங்க, நான் களை புடுங்கிக்கிட்டே பேசறேன்.

வர்றவங்க எல்லாம் என்ன வெதை, என்ன உரம்னுதான் கேப்பாங்க. நீங்க ஒருத்தருதான் சண்டை வருமான்னு கேட்டிருக்கீங்க. யாராவது எதையாவது சொல்லிவிட்டாங்களா, இல்ல நீங்களாத்தான் கேக்கறீங்களா? நீங்களாத்தானா. நம்பறேன். எப்படியும் வெளிய போனா பத்துப் பேரு பத்து விதமாச் சொல்லுவாங்க. எங்கிட்டயே கேட்டுக்குங்க.

என் பேரு சாரதாமணி. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருவத்தாறு வருசம் செக்கிங் பார்த்தவ. தச்ச பீஸு டேபிளுக்கு வரும். கறை, ஓட்டை, தையல் விட்டது, எல்லாத்தையும் கண்டுபுடிச்சு, தப்பு இருக்கற எடத்துல செகப்பா ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரு ஒட்டணும். ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸு. என் கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டை வெளிய போனதில்லீங்க. இத நான் பெருமைக்குச் சொல்லல. கண்ணு அப்படிப் பழகிப்போச்சு, அதுக்கோசரம் சொல்றேன். நான் யாரையும் சும்மா சந்தேகப்படறவ இல்ல.

இந்த எடம் தண்ணி டேங்குக்குப் பொறத்தால சும்மா கெடந்துச்சு. பீங்கான் ஓடும் பாட்டிலுமா. போன ஆனியில எல்லாரும் சேர்ந்து சுத்தம் பண்ணி இருவது பாத்தி போட்டோம். வின்சென்ட் சார் டிரில் மாஸ்டரா இருந்து ரிட்டையர்டானவரு, அவருதான் செயலாளர். சீட்டுக் குலுக்கிப் போட்டாரு. எனக்கு எட்டு வந்துச்சு. ஒம்பது யாருக்குன்னு திரும்பிப் பார்க்கறேன், தெய்வாத்தா நிக்கறா.

பதினாலு வருசம் கழிச்சுப் பார்க்கறனுங்க. தலை பாதி வெளுத்திருந்துச்சு. நாலாவது பிளாக்குக்கு அப்பத்தான் குடி வந்திருக்கறா. என்னையப் பார்த்தா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. அப்பவே எனக்கு மனசுல ஒண்ணு தட்டுச்சு. மனசுல ஒண்ணும் இல்லாதவ சிரிச்சிருப்பாள்ல?

அவ யாருன்னு சொல்லணும். எங்கூட ஒரே டேபிள்ல செக்கிங் பார்த்தவ. அக்கா, அக்கான்னு என் பின்னாலயேதான் சுத்துவா. டிபன் பாக்ஸைத் தொறந்தா மொத வாய் எனக்கு. ஒரு நாளு பேக்கிங்ல ஒரு கட்டு டி-சர்ட்டு காணோம். மேனேஜரு ஒவ்வொருத்தராக் கூப்புட்டுக் கேட்டாரு. நான் சாயந்தரம் பொழுதோட பின்வாசப் பக்கம் ஒருத்தி பெரிய பையோட போறதைப் பார்த்திருந்தேன். தெய்வாத்தா போனா, பார்த்தேன்னு சொன்னேன். கேட்டாரு, சொன்னேன். கேக்காம நானாப் போய்ச் சொல்லலீங்க. மக்யா நாளே அவளை நிறுத்திப்போட்டாங்க. அந்த வீதியில இருக்கற எந்தக் கம்பெனியும் அப்புறம் அவளைச் சேர்க்கல. வீட்டுல உக்காந்து பீஸுக்குப் பிசிறு வெட்டிக் குடுக்கறான்னு கேள்விப்பட்டேன். அடுத்த மாசம் என்னைய டேபிளுக்கு லீடராப் போட்டாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாதுங்க. சீனியாரிட்டி.

ஆடியில வெதை போட்டோம். நான் தக்காளி, கத்திரி, ஒரு ஓரமா நெலக்கடலை. அவ வெண்டையும் பொரியந்தட்டைப் பயறும் போட்டா. ஒரு வார்த்தை பேசமாட்டா. காலையில வெள்ளென வந்து தண்ணி ஊத்திட்டு, நான் வர்றப்பக் கெளம்பிருவா. நான் வர்றப்ப ஏன் கெளம்பணும்? யோசிச்சுப் பாருங்க.

ஆவணி முடியறப்ப என்னுது காய்க்க ஆரம்பிச்சுது. மொதல்ல மூணு தக்காளி. அரைச் செகப்பு. நாளைக்குப் பறிக்கலாம்னு உட்டுட்டுப் போனேன். மக்யா நாளு வந்து பார்த்தா மூணும் இல்ல. காம்பு மட்டும் நிக்குது. அடுத்த வாரம் பிஞ்சுக் கத்திரி நாலு. அப்புறம் கடலைச் செடிக்கடியில மண்ணு கெளறிக் கெடந்துச்சு. இருவது பாத்தி இருக்குது. என்னோட பாத்தியில மட்டும் காணாமப் போகுது. அப்ப வேணும்னே பண்றதுதான? என் மேல யாருக்குக் காட்டம்? எனக்கு ஒருத்தியத்தான் தெரியும்.

மொதல்ல நான் எதுவும் பேசலீங்க. எட்டுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல முள்ளுவேலி போட்டேன். கருவேலமுள்ளை வெட்டியாந்து, அடியில பழைய ஓடும் சாக்கும் போட்டு அமுக்கி, மேல முள்ளு. வின்சென்ட் சார், "எதுக்கும்மா இது, எல்லாரும் ஒண்ணா இருக்கற எடத்துல"ன்னு கேட்டாரு. "கோழி வருது சார்"ன்னேன். இந்தக் குடியிருப்புலயே கோழி கெடையாது. அவளுக்குப் புரிஞ்சிருக்கும். தண்ணி ஊத்திக்கிட்டே முள்ளைப் பார்த்தா, என்னையப் பார்த்தா, குனிஞ்சுக்கிட்டா.

வேலி போட்டதுக்கப்புறம் எச்சாக் காணாமப் போச்சுங்க. அதுதான் எனக்குத் தாங்கல.

சரின்னு ஒரு வேலை பண்ணினேன். வேலையை விட்டு வர்றப்ப அந்த அம்புக்குறி ஸ்டிக்கரு நாலு ரோலு எடுத்தாந்திருந்தேன். அது திருட்டு இல்லீங்க, அதையெல்லாம் அங்க ஆரும் கணக்குப் பார்க்கமாட்டாங்க. ஒவ்வொரு காயிலயும் ஒண்ணு ஒட்டினேன். எவ வீட்டுக் குப்பையிலயாவது செகப்பு அம்பு கெடந்தா மாட்டிக்குவாள்ல? நாலாவது பிளாக்குக் குப்பைத் தொட்டியை ரெண்டு நாளு போய்ப் பார்த்தேன். வெண்டக்காய்க் காம்புதான் கெடந்துச்சு. பாருங்க, எவ்வளவு சாமர்த்தியம். ஸ்டிக்கரை உரிச்சு எங்கியோ தூரமாப் போட்டிருக்கறா.

அப்புறம் ஒரு நாளு கொஞ்சம் வெள்ளெனவே வந்துட்டேன். டேங்குக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கறேன், அவ வேலிக்கிட்டக் குனிஞ்சிருக்கறா. முள்ளுக்கு நடுவால கையை உட்டு என் பாத்திக்குள்ள என்னமோ பண்ணிக்கிட்டு இருக்கறா. நான் செருப்புச் சத்தம் கேக்கற மாதிரி நடந்தேன். கையை இழுத்துக்கிட்டா. முள்ளு கீறி ரத்தம். சீலையில தொடச்சுக்கிட்டுப் போயிட்டா. போய்ப் பார்த்தா ஒரு தக்காளிச் செடிய நீலப் பனியன் துணியில குச்சியோட சேத்துக் கட்டியிருக்குது. நான் கட்டல. வந்து போன அடையாளம்னு அதையும் மனசுல குறிச்சுக்கிட்டேன்.

அந்த ஞாயித்துக்கெழமை கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லிட்டேன். எல்லாரும் இருக்கறாங்க. அவளும் கடைசியில ஒக்காந்திருக்கறா. வின்சென்ட் சார் நல்ல மனுசன், அவரு கேட்டாரு.

"சாரதாம்மா, காயைப் பறிக்கறதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

நான் என்ன பார்த்தேன்? கை உள்ள இருக்கறதைப் பார்த்தேன். கை உள்ள போனா எதுக்குப் போகும்? பார்த்த மாதிரிதானுங்களே.

தெய்வாத்தா எந்திரிச்சா. கத்துவா, அழுவான்னு நான் தயாரா இருந்தேன். அவ எங்கிட்டத் திரும்பி, மெதுவா, "பார்த்தீங்களா?"ன்னா. அக்காங்கற வார்த்தை இல்ல. அவ்வளவுதான் கேட்டா. நான், "ஆமா"ன்னேன். "சரிங்க"ன்னுட்டு ஒக்காந்துட்டா.

கடைசியில என்ன முடிவு பண்ணினாங்கன்னா, அவளோட தோட்டத்துக் கேட்டுச் சாவிய வாங்கிக்கிட்டாங்க. பொழுதோட வின்சென்ட் சார் இருக்கற ஒரு மணி நேரம் மட்டும் வந்து தண்ணி ஊத்திக்கலாம். புரட்டாசி வெயிலுங்க. காலையில தண்ணி இல்லாம அவளோட வெண்டை பாதி காஞ்சுபோச்சு. பொரியந்தட்டை பூவோட கருகுச்சு. எனக்கு வெசனமாத்தான் இருந்துச்சு. செடி என்ன பாவம் பண்ணுச்சு?

ஆனா ஒண்ணுங்க. அவகிட்டச் சாவி இல்ல, அவ தனியா உள்ள வர்றதில்ல, அப்பவும் என் காய் காணாமப் போச்சு. வின்சென்ட் சார், "இப்ப என்னம்மா சொல்றீங்க?"ன்னாரு. "ஆளு வெச்சுப் பண்றா சார்"ன்னேன். அவரு என்னையே பார்த்தாரு. சரி, இவரும் அவ பக்கம் சாஞ்சுட்டாருன்னு நெனச்சேன். ஒரு மணி நேரம் தெனமும் அவகிட்டப் பேசிக்கிட்டு இருந்தா சாயாம என்ன பண்ணுவாரு?

ஐப்பசியில ஒரு வாரம் விடாம மழை. மழை விட்ட அன்னைக்கு வந்தா என் வேலி நடுவுல உள்வாங்கிக் கெடக்குது. மண்ணு பொதக்குன்னு எறங்கி, முள்ளு, ஓடு எல்லாம் ஒரு குழிக்குள்ள. வின்சென்ட் சாரும் இன்னும் ரெண்டு பேரும் மம்முட்டி எடுத்துத் தோண்டினாங்க. தெய்வாத்தாவும் வந்து தள்ளி நின்னா. உள்ள இருந்து ஒரு பெருச்சாளி, பூனைக்குட்டித் தண்டி, பாஞ்சு ஓடுச்சு. எல்லாரும் கத்தினாங்க. அப்புறம் வளையத் தொறந்து பார்த்தாங்க.

நெலக்கடலை ஒரு படி இருக்கும், அடுக்கி வெச்ச மாதிரி. பிஞ்சுக் கத்திரி. அழுகின தக்காளி. கத்திரியிலயும் தக்காளியிலயும் செகப்பு அம்பு. அந்த ஸ்டிக்கரு தண்ணியில போகாதுங்க, நல்ல பசை.

நான் வேலிக்குப் போட்ட ஓட்டுக்கும் சாக்குக்கும் அடியிலதான் அது வளை வெச்சிருக்குது. மேல முள்ளு இருக்கறதால பூனை நாயி எதுவும் கிட்ட வராது பாருங்க, சொகமா இருந்திருக்குது. ராத்திரியில மேஞ்சுட்டுப் பகல்ல தூங்கியிருக்குது. நான் பகல்ல காவல் காத்திருக்கறேன்.

ஆராவது என்னையத் திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க. தெய்வாத்தா குழிக்கிட்ட வந்தா. குனிஞ்சு, அழுகாம இருந்த ஒரு தக்காளியை எடுத்தா. மண்ணைத் தொடச்சு என் கையில வெச்சா. "உங்களுதுங்க"ன்னா. போயிட்டா.

எலின்னு எனக்கெப்படிங்க தெரியும்? நீங்களா இருந்தாத் தெரிஞ்சிருக்குமா? ஆனா அந்த நீலத்துணி ஒண்ணு மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எலி வந்து துணி கட்டாது.

ரெண்டு நாளு கழிச்சு அவளுக்குச் சாவிய வின்சென்ட் சார் திருப்பிக் குடுத்துட்டாரு. நான் காலையில அவ வர்ற நேரத்துக்கே வந்தேன். அவ தண்ணிக் குழாயைப் புடிச்சுக்கிட்டு நின்னா. முள்ளைத்தான் எடுத்தாச்சே, நடுவுல ஒண்ணுமில்ல.

"தெய்வா, எலின்னு தெரியாமப் போச்சு"ன்னேன்.

"ம்."

"அந்தத் துணி எதுக்குக் கட்டின?"

"செடி சாஞ்சு என் பக்கம் விழுந்துச்சுங்க. காய் தரையில பட்டா அழுகிரும். கட்டி உட்டேன்."

"அதைக் கூட்டத்துல சொல்லியிருக்கலாம்ல?"

அவ குழாயை வேற செடிக்கு மாத்துனா. என்னையப் பார்க்காமயே கேட்டா, "தக்காளிக்கு எலி கெடைச்சிருச்சுங்க. அந்த டி-சர்ட்டுக் கட்டுக்கு எது கெடைக்கும்?"

அது வேற, இது வேறன்னு சொல்ல வாயைத் தொறந்தேன்.

"அன்னைக்கு என் மொகத்தைப் பார்த்தீங்களா?"

பதினாலு வருசத்துல ஆரும் என்னைய இதைக் கேக்கலீங்க. மேனேஜரு கேக்கல. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கறேன்.

"முதுகுதான் பார்த்தேன்"னேன்.

"அப்புறம் எப்படி நான்னு சொன்னீங்க?"

"உன்ற மாதிரி நடை. அப்பத்தான் டேபிள்ல உன் எடம் காலியா இருந்துச்சு."

அவ குழாயை நிறுத்திப்போட்டா. அப்புறம் சொன்னா, "இதை எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது. நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியுமே. எங்க வீட்டுக்காரருகிட்ட வந்து சொல்லுங்க."

நான் என்னமோ மன்னிப்புக் கேக்கச் சொல்லுவான்னு நெனச்சேன். காலுல விழச் சொன்னாலும் யோசிச்சிருப்பேன். இதுக்கு என்ன சொல்றது? இவ எதுக்கு என்னைய வீட்டுக்குக் கூப்புடறா, அங்க நாலு பேரை வெச்சு அவமானப்படுத்தவான்னு ரெண்டு நாளு ரோசனை பண்ணினேன். அப்புறம் போனேன்.

அங்க நாலு பேரு இல்ல. அவரு ஒருத்தருதான். நாச்சிமுத்து. நிட்டிங் மிசின் ஓட்டினவரு, இடுப்புல அடிபட்டு இப்ப வீட்டோட இருக்கறாரு. கட்டில்ல சாஞ்சிருந்தாரு. அரணாக்கயித்துல பீரோ சாவி தொங்குது. அப்பக் கம்பெனியில பொம்பளைங்க பேசிக்கிட்டது அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிஞ்சுபோச்சுங்க. அவளை வேலையை விட்டு நிறுத்தின நாள்ல இருந்து அந்தச் சாவி அவரு இடுப்புலதான். திருடின்னு ஊரு சொன்னப்ப அவரு மறுக்கவும் இல்ல, அடிக்கவும் இல்ல. சாவியை மட்டும் வாங்கிக்கிட்டாரு. பதினாலு வருசமா ஒரு ஜாக்கெட்டு எடுக்கணும்னாலும் அவ கேட்டுத்தான் வாங்கணும்.

நான் சொன்னேன். "நான் அன்னைக்கு மொகத்தைப் பார்க்கலீங்க. முதுகைப் பார்த்துட்டு உங்க சம்சாரம்னு சொல்லிட்டேன். அது தப்புங்க."

அவரு என்னைய மேலயும் கீழயும் பார்த்தாரு. "இவ கூட்டியாந்தாளா உங்களை?"ன்னாரு.

"இல்லீங்க, நானாத்தான்..."

"ரெண்டு பேருக்கும் ஒரே தோட்டமாமா. இப்ப ஒண்ணாச் சேந்துட்டீங்க. இவ சொல்லிக் குடுத்ததை நீங்க வந்து ஒப்பிக்கறீங்க. அன்னைக்குப் பார்த்தேன்னு சொன்ன வாயி, இன்னைக்குப் பார்க்கலைன்னு சொல்லுது. நான் எதை நம்பறது?"

அடேங்கப்பா, மனுசன்னா இப்படியுமாங்க சந்தேகப்படுவாங்க? நான் என் காலுல நடந்து போய் என் வாயால தப்புன்னு சொல்றேன். அதுக்கு ஒரு உள்நோக்கம் கண்டுபுடிக்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். தெய்வாத்தா அடுப்படி நிலையைப் புடிச்சுக்கிட்டு நின்னா. எனக்காக ஒரு வார்த்தை பேசல.

உட்டனா? அடுத்த ஞாயித்துக்கெழமை மறுபடி போனேன். அதையே சொன்னேன். அவரு டீவி சத்தத்தை ஏத்தி வெச்சுக்கிட்டாரு. கார்த்திகை தீபத்தன்னைக்குப் போனேன். மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு. ஏன் போனேன்னு கேக்காதீங்க. ஒரு மனுசன் நம்பலேன்னா எனக்குத் தூக்கம் வரமாட்டீங்குது. பொய் சொல்றப்ப எல்லாரும் ஒரே வார்த்தையில நம்பினாங்க. உண்மையைச் சொன்னா நம்ப மாட்டீங்கறாங்க.

போன ஞாயித்துக்கெழமையும் போனேன். அவரு டீவியை நிறுத்தினாரு. அப்புறம் திடீர்னு கேட்டாரு, "அந்த முதுகுல என்ன நெறத்துச் சீலை?"

"பச்சைங்க. நல்லாப் பளிச்சுன்னு பச்சை. நெறத்துல நான் தப்புப் பண்ணமாட்டேன்."

"பச்சையா?"

"பச்சைதானுங்க."

அவரு கட்டில்ல எந்திரிச்சு ஒக்காந்துட்டாரு. இடுப்பு வலியோட. "அது எங்கூருல மாரியாத்தா நோம்பி"ன்னாரு. "பூச்சாட்டி, கம்பம் நட்டிருந்த நேரம். இவ அந்தப் பதினஞ்சு நாளும் மஞ்சச் சீலையத் தவிர வேற கட்டல. கம்பெனிக்கும் மஞ்சச் சீலைதான். அன்னைக்கு நிறுத்திட்டாங்கன்னு அழுதுக்கிட்டு வந்தா. மக்யா நாளு மாவெளக்கு. அதே மஞ்சச் சீலையோட வெளக்குத் தட்டைத் தூக்கிக்கிட்டு என் முன்னாலதான் நடந்து போனா." அப்புறம் கொரலு எறங்கிப்போச்சு. "என் முன்னாலதான் போனா"ன்னு இன்னொரு தடவை சொன்னாரு.

அவரு நெறத்தை அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சுபோச்சு. கட்டினவரு, பதினாலு வருசம் கேக்காமயே இருந்திருக்கறாரு பாருங்க. எனக்கு அதுதான் ஆத்தாமையா இருந்துச்சு. ஒரே டேபிள்ல அந்த மஞ்சளைப் பார்த்த நானும்தான் நெனச்சுப் பார்க்கல, சொல்லல, இல்லைங்கல. ஆனா நான் வெளி ஆளு.

அவரு அரணாக்கயித்துல இருந்து சாவியை அவுக்கப் பார்த்தாரு. முடிச்சு எறுகிப்போய்க் கெடந்துச்சு. அவுக்க முடியல. தெய்வாத்தா கிட்ட வரல. அவுக்கட்டும்னு பார்த்துக்கிட்டே நின்னா. அப்புறம் அடுப்படிக்குள்ள போனா. காப்பி வாசம் வந்துச்சு. ரெண்டு டம்ளரு கொண்டாந்தா. ஒண்ணை அவரு பக்கத்துல வெச்சா. இன்னொண்ணை எடுத்துக்கிட்டு எனக்கு எதுத்தாப்புல ஒக்காந்து, அவளே மெதுவா ஊதி ஊதிக் குடிச்சா.

எனக்கு இல்லீங்க. நானும் கேக்கல. அவ குடிச்சு முடிக்கற வரைக்கும் ஒக்காந்திருந்துட்டு எந்திரிச்சு வந்தேன்.

வர்ற வழியெல்லாம் எனக்கு ஒரே ரோசனை. அப்ப அந்தப் பச்சைச் சீலை ஆருது? நடந்துக்கிட்டே ஒவ்வொரு டேபிளா நெனச்சுப் பார்க்கறேன். பேக்கிங்ல ஆரு, அயர்னிங்ல ஆரு. அயர்னிங்ல ஒருத்தி இருந்தா, இதே ஒசரம், இதே நடை. அடிக்கடி பச்சைதான் கட்டுவா. அந்த வருசம் புதுசா வண்டி வேற வாங்கினா. எங்கே இருக்கறாங்கறதுகூட எனக்குத் தெரியும், இங்க இருந்து ரெண்டு ஸ்டாப்புதான். வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள அவ பேரு நாக்கு நுனிக்கு வந்துருச்சு. இப்பவும் அங்கதான் நிக்குது.

ஆருன்னு கேக்காதீங்க அம்மிணி. சொல்லமாட்டேன். மொகத்தைப் பார்க்கலையே.